வயர்லெஸ்ஸில் வந்த நாத்தனா

சீரியல் பார்க்கிறவர்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "அந்த வில்லியை வருஷக்கணக்கா எப்படித்தான் சகிச்சுக்கிறீங்களோ" என்று என் அலுவலகத்தில் ஒருவர் அடிக்கடி கேட்பார். சகித்துக்கொள்வதாவது? வில்லி இல்லாவிட்டால் அந்தப் பக்கம் யார் எட்டிப் பார்ப்பார்கள்? நான் சும்மா சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். பதினோரு வயதில், காரைக்கால்மேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி, கடலுக்குள் நிற்கிற ஏழெட்டு விசைப்படகுகளுக்குத் தினமும் ஒரு வில்லியை அனுப்பிவைத்தவள் நான்.

எங்களுக்கு ஒரு விசைப்படகு இருந்தது. முட்டிவலி வந்த பிறகு அப்பா கரையோடு நின்றுவிட்டார். ஐஸ், டீசல், ஏலம் எல்லாம் அவர் பார்ப்பார். படகை ஓட்டுவது மாமா, அதாவது அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாவே தூக்கி வளர்த்தவர். அம்மாவைக் கட்டிக்கொண்டபோது அப்பாவுக்கு மச்சானும் சேர்ந்து வந்தான் என்று ஊரில் கேலி செய்வார்கள். மாமாவுக்குக் கல்யாணம் ஆனதும் பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அத்தைக்குப் பிறந்த ஊர் பட்டினச்சேரி. அதிர்ந்து பேசாது. சமையல் மட்டும் தெருமுனை வரைக்கும் மணக்கும்.

கூடத்தில் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் வயர்லெஸ் செட்டு இருந்தது. மொட்டைமாடியில் அதற்கு ஒரு நீளக் கம்பம். படகு கொஞ்ச தூரம் உள்ளே போய்விட்டால் செல்போன் செத்துவிடும், பிறகு இந்த செட்டுதான். மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக்கொண்டிருக்கும் வரை நம் பேச்சு போகும். விட்டால்தான் அடுத்தவர் பேச்சு வரும். ஒருவர் பேசினால் அந்த சேனலில் இருக்கிற எல்லாப் படகுக்கும் கேட்கும், கரையில் செட்டு வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் கேட்கும். ரகசியம் பேச ஏற்ற சாதனம் இல்லை.

இப்போது நாத்தனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு சீரியல் வந்துகொண்டிருந்தது. அதில் கதாநாயகியின் புருஷனுக்கு ஓர் அக்கா. அவளுக்குக் கதையில் ஏதோ பெயர் இருந்தது, ஊரில் எல்லோருக்கும் அவள் நாத்தனாதான். தூங்கும்போதுகூடப் பட்டுப்புடவை. இடது புருவத்தை மட்டும் தனியாகத் தூக்குவாள். தான் செய்யப்போகிற அக்கிரமத்தை எல்லாம் நடுக்கூடத்தில் நின்று வாய்விட்டே சொல்லுவாள். பத்துப் பதினைந்து பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் காதிலும் விழாது. தம்பி பெண்டாட்டியை வீட்டைவிட்டு விரட்டுவதே அவளுக்கு முழுநேர உத்தியோகம்.

ஆம்பளைகள் முதலில் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஆனால் கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். வலை கிழிசலைப் பார்த்து, சாயம் அடித்து முடித்த பிறகு மனிதர்களுக்கு என்ன வேலை? பெண்டாட்டிமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே வாரத்தில் பெண்களைவிட மோசமாகிப் போனார்கள். கடலைத் திட்ட முடியாது, அது சோறு போடுகிறது. ஏலக்காரரைத் திட்ட முடியாது, நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். நாத்தனாவை எவ்வளவு திட்டினாலும் அவள் மறுநாள் ஆறரைக்குப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியது என் மாமாதான். அவருக்கு அடுத்தபடி என் அம்மா. "நல்லா இருப்பாளா இவ? ஒரு குடும்பத்த இப்புடியா கெடுப்பா ஒரு பொம்பள?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

தடை முடிந்து படகு கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், படகில் போகிற எட்டுப் பேருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அந்த வருஷம் அத்தை தானே சமைக்கிறேன் என்று முன்வந்தது. வஞ்சிரம் குழம்பு. நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது அத்தை கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் அடுப்பு முன்னால் நின்று குழம்பில் உப்பு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை, இன்னொரு கை. என்னைப் பார்த்ததும், "இங்க என்னடி வேல, போ வெளில" என்றாள். போனேன். பெரியவர்கள் உப்புப் போடுவதில் எனக்கு என்ன ஆராய்ச்சி?

குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. மாமா எட்டுப் பேர் முன்னால் அத்தையைப் பார்த்து, "ஒங்க ஊட்டுல கடத்தண்ணியிலயா சமைப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அத்தை எல்லா இலையையும் எடுத்தது. மறுநாள் விடியலில் மாமா கடலுக்குப் போனார். அண்ணன் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தை ஒரு பையோடு பட்டினச்சேரிக்குப் போனது. வரவில்லை.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு செட்டில் மாமா குரல் வந்தது. இன்ஜின்தான் கோளாறோ என்று அப்பா பதறிப்போய் மைக்கை எடுத்தார். மாமா காற்றைப் பற்றிச் சொன்னார், வலையைப் பற்றிச் சொன்னார். "ஊட்டுல எல்லாம் எப்புடி?" என்றார். "எல்லாம்னா?" என்றார் அப்பா. "ஒண்ணுமில்ல. அந்த நாத்தனா இன்னிக்கி என்ன பண்ணா?" என்றார் மாமா.

அப்பாவுக்கு அது தெரியாது. அம்மா அடுப்படியில் இருந்தாள். மைக் என் கைக்கு வந்தது. என் வாழ்க்கையில் புகழ் என்று ஒன்று வந்தது அப்போதுதான்.

முதல் நாள் மாமாவுக்கு மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் பக்கத்துப் படகுக்காரர், "இரு பாப்பா, எங்க ஆளுவளும் வரட்டும்" என்றார். ஒரு வாரத்தில் ஏழெட்டுப் படகு. வானிலையும் மீன் விலையும் முதலில், கதை பிறகு என்று அப்பா சட்டம் போட்டார். நான் நாத்தனாவின் சிரிப்பை அப்படியே சிரித்துக் காட்டுவேன். பொத்தானை விட்டதும் கடலே சேர்ந்து அவளைத் திட்டுவதுபோல இருக்கும். "அவள வலையில சுத்தித் தூக்கிப் போடணும்" என்பார் ஒருவர். "மீனு பாவம்யா" என்பார் இன்னொருவர். ஒருமுறை நாத்தனாவைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள், நடிகைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. நாலு நாள் கதாநாயகி நிம்மதியாகக் கோலம் போட்டாள், கோயிலுக்குப் போனாள். இரண்டாம் நாளே பாதிப் படகு வரவில்லை. வந்தவர்களும், "நாத்தனா எப்ப வருவா பாப்பா?" என்று ஏக்கமாகக் கேட்டார்கள். பெற்ற தாயைக்கூட அப்படித் தேடியிருக்க மாட்டார்கள்.

பட்டினச்சேரியில் அத்தையின் அண்ணன் வீட்டிலும் ஒரு செட்டு உண்டு. அவர் முரட்டு மனிதர், எங்கள் வீட்டோடு பேச்சு நின்றுபோன நேரம். ஆனாலும் நடுவில் வந்து, "பாப்பா, கொஞ்சம் சத்தமா சொல்லு" என்பார். இவ்வளவு பெரிய மீசைக்காரருக்கும் என் கதை வேண்டியிருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியாது.

வீட்டில் மட்டும் ஒன்றும் சரியாக இல்லை. படகு மூன்று முறை போய் வந்தது. கரைக்கு வரும்போதெல்லாம் மாமா பின்பக்கத்து அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். "போனவளுக்கு வரத் தெரியாதா?" என்பார். அத்தையோ, எட்டுப் பேர் முன்னால் கேட்டவர் வந்து கூப்பிடட்டும் என்று இருந்தது. அம்மா மாமாவுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். அவர் பாதியில் கை கழுவினார். கடைசியில் அத்தையின் அண்ணன் ஆள் அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்காரட்டும், சேர்த்துவைப்பதோ தீர்த்துவிடுவதோ அன்றைக்கே முடிந்துபோகட்டும் என்றார். அத்தை இனிமேல் வரவே வராதா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது. எனக்குத் தலை பின்னிவிட்டால் வலிக்காமல் பின்னுகிற ஒரே ஆள் அத்தைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழன். காற்று அடித்து எங்கேயோ கம்பி அறுந்து ஆறு மணிக்கே கரண்டு போய்விட்டது. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று, வரவில்லை. டிவி கறுப்பாக நின்றது. செட்டுக்கு பேட்டரி உண்டு, அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அப்பா ஏலக் கணக்காக வெளியே போயிருந்தார். படகுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தன.

கரண்டு இல்லை, பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. சிங்கப்பூர் வாரத்தில் ஆள் குறைந்ததை நான் மறக்கவில்லை. பொத்தானை அழுத்தி, "இன்னிக்கி நாத்தனா பண்ணத கேட்டா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் என்ன சொல்வது? ஒரு வில்லி என்னென்ன செய்வாள் என்று யோசித்தேன். விஷம் வைப்பது, பத்திரத்தைத் திருடுவது எல்லாம் அவள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள். அந்த அவசரத்தில் என் கைக்கு அகப்பட்டது நான் கண்ணால் பார்த்த ஒன்றுதான்.

"வீட்டுல விருந்து. தம்பி பொண்டாட்டி மீன் கொழம்பு வச்சிருக்கா. அவ அந்தாண்ட போனதும் இந்த நாத்தனா மெல்ல வரா. உப்பு ஜாடியத் தெறக்குறா. ஒரு கை போடுறா. இன்னொரு கையும் போடுறா. அப்புறம் ஒண்ணுமே தெரியாதவ மாரி வந்து உக்காந்துக்கிறா. தம்பிகாரன் எல்லார் முன்னாலயும் பொண்டாட்டிய கடத்தண்ணியிலயா சமைப்பீங்கன்னு கேட்டுட்டான். அந்தப் பொண்ணு பைய எடுத்துக்கிட்டு போயிடுச்சு."

எனக்கே பிரமாதமாக இருந்தது. பொத்தானை விட்டுப் பாராட்டு வாங்கலாம் என்று நினைக்கும்போது பின்னால் வெளிச்சம் தெரிந்தது. எமர்ஜென்சி விளக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். மைக்கைப் பிடித்திருந்த என் கையை, விரலோடு சேர்த்து, தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"அப்புறம் அவ மன்னிப்புக் கேட்டான்னு சொல்லு" என்றாள் மெதுவாக.

"வில்லி மன்னிப்புக் கேக்க மாட்டாம்மா. கதையே முடிஞ்சிடும்."

"இவ கேக்குறா. சொல்லு." அம்மா என்னைப் பார்க்கவில்லை, செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு வயசு புள்ளையா அவன கையில புடிச்சிக் கூட்டிட்டு வந்தேன். என் கைச் சோறு இல்லாம ஒரு நா இருந்ததில்ல. அன்னிக்கி கரண்டியில ஒரு சொட்டு நக்கிப் பாத்துட்டு, அக்கா, இப்புடி ஒரு கொழம்ப நா சாப்பிட்டதே இல்லன்னான். எனக்குத் தாங்கல. போட்டுட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவ வரணும். வந்தா போதும்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது எரிச்சல்தான். அம்மாவுக்குக் கதை சொல்லவே தெரியவில்லை. நாத்தனா செய்ததை எல்லாம் தான் செய்ததுபோலச் சொல்கிறாள். தவிர, பொத்தானை அழுத்தியிருக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்கிற சாதாரண விஷயம்கூடத் தெரியாமல் இவ்வளவு நேரம் பேசிவிட்டாள். மேடைக்குப் பின்னால் இருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர் குரல் ஊருக்கெல்லாம் கேட்டால் நாடகம் என்ன ஆகும்? வேறு வழி இல்லாமல், நான் என் கதைசொல்லிக் குரலில் அத்தனையையும் திருத்தமாக ஒருமுறை சொன்னேன். நாத்தனா அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், தம்பி பெண்டாட்டியைத் திரும்பி வரச் சொன்னாள். அம்மா கையை எடுத்தாள். பொத்தான் மேலே வந்தது.

செட்டு வெறுமனே இரைந்தது. என் பெயர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு படகிலிருந்து இளவட்டம் ஒருவன், "அது எப்புடி, அந்த நாத்தனா போயி..." என்று ஆரம்பித்தான். "சும்மா இர்ரா" என்று ஒரு பெரியவர் குரல் அவனை அடக்கியது. பிறகு அவரே, "சரி சரி, காத்து மாறுது. அவவன் வலையப் பாருங்கப்பா" என்றார்.

அதற்கு அப்புறம்தான் மாமா வந்தார்.

"பாப்பா, அந்த நாத்தனா சாப்பிட்டாளா?"

என்ன கேள்வி இது? "அதெல்லாம் டிவில காட்டல மாமா" என்றேன். "காட்டலன்னா பரவால்ல. சாப்பிடச் சொல்லு. ரொம்ப நேரம் வெறும் வயித்தோட இருந்தா அவளுக்கு மயக்கம் வரும்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் செட்டை அணைக்கப்போனேன். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டினச்சேரி செட்டிலிருந்து சத்தம் வந்தது. மீசைக்காரர்தான் ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வந்தது அத்தையின் குரல்.

"பாப்பா, நாளைக்கி கத எனக்கு வேணாம். நா அங்கயே வந்து பாத்துக்கிறேன்னு சொல்லு."

"யார்ட்ட அத்த சொல்லணும்?"

"பக்கத்துல இருக்கவங்ககிட்ட."

மறுநாள் மத்தியானம் அத்தை அதே பையோடு வந்து இறங்கியது. அம்மா வாசலுக்குப் போகவில்லை. அடுப்படியில் எதையோ கிளறுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அத்தை உள்ளே போய், "நவுருங்க அண்ணி, நா பாக்குறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். மாமா சனிக்கிழமை கரைக்கு வந்தார். எதிரே போன அத்தையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டார், குடித்தார், மறுபடியும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து உட்காரவில்லை. அன்றைக்கு அந்த சேனலில் இருந்த எந்தப் படகுக்காரரும் அந்த வியாழக்கிழமைக் கதையைப் பற்றிக் கரையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் பெண்டாட்டிமாருக்குக்கூடச் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

வீடு முழுக்க எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் ஆற்றாமை. வெள்ளிக்கிழமை சீரியலில் நாத்தனா மன்னிப்பும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கதாநாயகியின் நகையைத் தூக்கி வேலைக்காரி பெட்டியில் வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். நான் இதைச் சொன்னபோது படகுகளில் எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பொய்க்காரி என்று நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கூடத்திலோ அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பார்த்தார்கள். அத்தை நாத்தனாவைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. அவ்வளவு பேசும் என்று அன்றைக்குத்தான் தெரியும். "நல்லா கேளு, வுடாத" என்று அம்மா எடுத்துக்கொடுத்தாள். அத்தை இன்னும் திட்டியது. திட்டத் திட்ட இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

திங்கட்கிழமை அத்தை எனக்குத் தலை பின்னும்போது என் குறையை எல்லாம் கொட்டினேன். எல்லாம் அம்மாவால் வந்த வினை, அவள்தான் என்னைப் பொய் சொல்லவைத்தாள், அதுவும் பொத்தான் அழுத்தியிருக்கும்போது பேசினால் எல்லோருக்கும் கேட்கும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை என்றேன். பின்னலில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"ஒங்கம்மாவுக்கா தெரியாது?" என்றது அத்தை.

அது கேலி என்று எடுத்துக்கொண்டேன். அத்தையும் என் கட்சி என்று தெம்பு வந்தது. அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நான் தொட்டிலில் கிடந்தபோது, புயல் எச்சரிக்கை வந்தால் அதே மைக்கைப் பிடித்து ஊர்ப் படகுகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கரைக்குக் கூப்பிட்டவள் அம்மா என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமோ, நான் அவளைச் செட்டு முன்னால் உட்காரவைத்து, இதுதான் பொத்தான், அழுத்தினால் நீ பேசுவது போகும், விட்டால்தான் நின்றுபோகும் என்று பொறுமையாக மூன்று தடவை பாடம் நடத்தினேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். "இனிமே ஞாபகம் வச்சுக்குறேன்" என்றாள்.